அலமாரி காட்டிய திசை

திசைகாட்டியின் முள் பொய் சொல்கிறது என்பதை அறிந்தே, டெல்மா அதன் சொற்படி படகைச் செலுத்தினாள்.

அவளுடைய அண்ணன் கஸ்பார் காணாமற்போய் நான்காம் நாள் அது. தன் சிறிய பாய்ப்படகில் தானே செய்து பொருத்திய அலமாரிகள் அலைக்குத் தாங்குமா என்று பார்க்க, வடகிழக்கிலுள்ள மொட்டைத்தீவுக்குத் தனியாகப் போயிருந்தான். அன்று தூசுமூட்டம் கடலையும் வானத்தையும் மூடிவிட்டது. தீவைச் சுற்றியும் கரையோரமாகவும் தேடிய விசைப்படகுகள் வெறுங்கையோடு திரும்பின. அவனிடம் இருந்தது இரண்டு கேன் தண்ணீர். எவ்வளவு சிக்கனமாகக் குடித்தாலும் இன்றோடு தீர்ந்துவிடும்.

முந்தைய மாலை, கஸ்பாரின் கொட்டகையில் எஞ்சிய பலகைகளுக்கு நடுவே அவன் வரைந்த படம் டெல்மாவுக்குக் கிடைத்தது. இருக்கைக்கடியில் பெட்டி, பாத்திரங்களுக்கு வலைத் தொட்டில், தண்ணீர்க் கேன்களுக்கு ஓர் அலமாரி. அலையில் கதவு திறந்துகொள்ளாதிருக்க, சமையலறை அலமாரிகளில் வைக்கும் காந்தப் பிடிகளை அவன் வாங்கியிருந்தான். நான்கில் இரண்டு மீந்து கிடந்தன. படத்தின்படி, அந்தக் கதவுக்கும் திசைகாட்டிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

கஸ்பாரின் படகையும் தன் படகையும் ஒரே அளவில் கட்டியவர் படகுத் தச்சர் ரெமிஜியுஸ். அவருடைய படகில், திசைகாட்டியருகே அதே இடத்தில் டெல்மா காந்தங்களைப் பொருத்தினாள். ஒரு விதமாக வைத்தபோது முள் வடகிழக்கென்று காட்டிய வழி கரைப்பக்கம் போனது. அங்கே தேடி முடித்தாயிற்று. திருப்பி வைத்தபோது, அதே வடகிழக்கு ஆழ்கடலைக் காட்டியது.

விடிந்ததும் துறையில், தேடித் திரும்பியவர்களிடம் அவள் இதைப் பணிவுடன் எடுத்துரைத்தாள். ஒருவர் சிரித்தார்.

“அலமாரி சொல்லுத பக்கம் போறதுக்கு நாங்க என்ன கிறுக்கனுவளா?”

ஆகவே டெல்மாவும் ரெமிஜியுஸும் மட்டுமே புறப்பட்டனர்.

கரை மறைந்தது. பின்னால் வந்த பறவைகளும் ஒவ்வொன்றாய் விலகிப் போயின. கடல் ஈயத்தகடு போலக் கிடந்தது.

“சூரியன் நேரா மூஞ்சில அடிக்கு. வடகிழக்குன்னா வலப்பக்கம்லாம்மா நிக்கணும்?” என்றார் ரெமிஜியுஸ்.

“அண்ணன் அன்னைக்குச் சூரியனப் பாத்திருக்க மாட்டான் அண்ணே. முள்ளத்தான் பாத்திருப்பான்.”

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நீல டப்பா மிதந்து வந்தது. மூடியில் கஸ்பாரின் கையெழுத்து: தீப்பெட்டி. உள்ளே குச்சிகள் நனையாமல் இருந்தன. ரெமிஜியுஸின் முகம் மலர்ந்தது. டெல்மாவின் முகமோ வெளிறியது. அப்படியென்றால் அண்ணனிடம் நெருப்பில்லை. புகை காட்டி அழைக்க அவனால் இயலாது.

காற்று வலுத்தது. இன்னும் அரை மணி, அதன்பின் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று ரெமிஜியுஸ் வருத்தத்தோடு சொன்னார். அவள் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கணக்குத் தவறென்றால், அண்ணனின் கடைசி நாளைத் தானே வீணாக்கியவள் ஆவாள்.

அப்போது, முன்னால் எங்கோ அலை உடையும் ஓசை கேட்டது.

பாறைமேல் அடிவயிறு கிழிந்து சாய்ந்திருந்தது கஸ்பாரின் படகு. அதையடுத்த மணல்திட்டு, நாளுக்கு நாள் கூடி ஏறும் கடல்நீரில் ஒரு படுக்கைப்பாயின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன்மேல் அவன் முழங்காலிட்டிருந்தான். நீர் அவன் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேனில் ஒரு வாய்த் தண்ணீரே மிச்சம்.

படகில் ஏற்றியதும் வெடித்த உதடுகளால் அவன் சொன்ன முதற்சொல்லில் பெருமை இருந்தது.

“அம்புட்டு அடியிலயும் கதவு தெறக்கல தங்கச்சி. தண்ணி தப்பிச்சிட்டு.”

“கதவ நல்லாத்தான் பிடிச்சிருக்கு. கூடவே முள்ளையும்லா பிடிச்சிருக்கு” என்றாள் டெல்மா, காந்தங்களைக் கழற்றியபடி.

முள் திடுக்கிட்டு விழித்ததுபோல் சுழன்று நடுங்கி நின்றது. கஸ்பார் அதைப் பார்த்துத் தலைகுனிந்தான்.

மாலையில் துறை முழுதும் திரண்டு வந்தது. காலையில் சிரித்தவரே கழுத்தளவு நீரில் இறங்கி, கயிற்றைப் பற்றி, படகைக் கரைக்கு இழுத்தார்.

புதிய படகின் அலமாரிகளுக்குக் கஸ்பார் மரத் தாழ்ப்பாள் செய்தான். இப்போதெல்லாம் ஓர் ஆணி அடிப்பதென்றாலும், முதலில் அதைத் திசைகாட்டியின் அருகே கொண்டுபோய், முள் அசைகிறதா என்று பார்த்துவிட்டே அடிக்கிறான்.