1980-இல் மாறிய கண்ணாடி

“கண்ணாடி பவர மைனஸ் ஒன்னுன்னுதான் கம்ப்யூட்டர்ல அடிச்சேன் சார். இப்ப ப்ளஸ் ரெண்டரைன்னு காட்டுது. எனக்கே ஒன்னும் புரியல.”

“பரவால்ல. மேல சொல்லும்மா.”

தமிழ்மொழிக்கு நேற்றிலிருந்து தன் விரல்கள் மீதே சந்தேகம். கள்ளக்குறிச்சியில் அக்பர் அலியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு ஆறு வருட வேலை. வெள்ளிமலை குஞ்சம்மாளுக்கு ஜீப்பில் கொடுத்தனுப்பிய கண்ணாடி தப்பாகப் போய்விட்டது. புதுசு என்றால் முதலில் மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்த அந்த அம்மாள், பஸ் படியில் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அக்பர் அலி தமிழ்மொழியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்ட ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் நாராயணசாமி அவளோடு கடைக்கு நடந்தார். அவரிடம் வழக்கு விசாரணை பழகும் சட்டக் கல்லூரி மாணவி சுபஸ்ரீயும் கூடவே வந்தாள்.

“வைரஸா இருக்கும் சார்,” என்றாள் சுபஸ்ரீ.

“நெட்டே இல்லாத மெஷினுக்கு எங்கேந்து வரும்?” என்றாள் தமிழ்மொழி.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தமிழ்மொழி பிறப்பதற்கு முன்பே வாங்கிய கம்ப்யூட்டர்.

“இத மாத்தவே இல்லியா பாய்?” என்றாள் சுபஸ்ரீ.

“ஓடிக்கினு இருக்கறத இன்னாத்துக்கு மாத்தணும்?” என்றார் அக்பர் அலி, மூக்கில் இருந்த புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

நாராயணசாமி குஞ்சம்மாளின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கடைசியாகத் திருத்திய தேதியைச் சுபஸ்ரீ படித்தாள்.

“ஒன்னு, ஒன்னு, எண்பது. மணி பூஜ்யம், நிமிஷம் பன்னெண்டு. எண்பதுல இந்தக் கடையே இல்லியே?”

“உள்ள இருக்கற பேட்டரி செல் செத்துப்போச்சு. கரண்ட் போய் வந்தா எண்பதுக்கே போயிடும். தேதி கேக்கும். நான் ஒவ்வொரு தடவையும் அடிப்பேன்,” என்றாள் தமிழ்மொழி.

சுபஸ்ரீ ஆறு வருடப் பக்கங்களையும் ஓட்டிப் பார்த்தாள். எண்பது என்று இருந்தது இது ஒன்றுதான்.

“அப்ப இது தமிழு கை இல்ல,” என்றார் நாராயணசாமி. “தேதி கேட்டதுக்கு சும்மா என்டர் தட்டின ஆளு. மெஷினப் போட்ட பன்னெண்டாவது நிமிஷம் பவர மாத்தியிருக்காரு. தமிழு வூட்டுக்கு சாப்பிடப் போனா கடையில யாரு பாய்?”

“நான்தான். ஆனா நான் அதத் தொட்டதே இல்ல சார்.”

“உங்க மூக்குல இருக்கற புதுக் கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க.”

பவர் பார்க்கும் கருவியில் தமிழ்மொழியே அதை வைத்தாள். ப்ளஸ் இரண்டரை. தன் கண்ணையே நம்பாமல் மறுபடி பார்த்தாள்.

“புதுப் பக்கம் தொறக்காம அடிச்சீங்களா பாய்?” என்றாள்.

அக்பர் அலி ஸ்டூலில் உட்கார்ந்தார். “எனக்குக் கண்ணாடி செய்ய லென்ஸ் பட்டறைக்கு பவர் சீட்டு வேணுமில்ல. கரண்ட் வந்து மெஷினப் போட்டா, நீ கடைசியா அடிச்ச பக்கமே தொறந்துச்சு, அதுலயே அடிச்சிட்டேன். கண்ணாடி இல்லாம பேரு தெரியலம்மா. உன்ன நிறுத்தினப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு.”

அவர் தமிழ்மொழியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“நாளைலேந்து வேலைக்கு வா. ஆனா வெள்ளிமலையில மட்டும் உன் கை தவறிப்போச்சுன்னே இருக்கட்டும். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியலன்னா எவன் வருவான்? இது ஒன்ன மட்டும் எனக்காக ஒத்துக்கம்மா.”