யாரோ உட்கார்ந்த ஸ்டூல்

உட்கார்ந்ததும் கால் தரையில் படவில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் பொருத்தும் மேசைக்கு முன்னால், ஐந்து வருடமாக அவள் உட்காரும் ஸ்டூல் அது. குட்டையானவள் என்பதால் கடைசிப் புரி வரை திருகி இறக்கியே வைத்திருப்பாள். இன்று யாரோ நெட்டையான ஆள் அதை ஏற்றி வைத்திருந்தார்.

பெருக்க வந்தவர்கள் செய்திருக்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, ஸ்டூலை இறக்கிவிட்டுக் கருவித் தட்டை இழுத்தாள். விரல் அப்படியே நின்றது. எப்போதும் கண்டபடி கிடக்கும் குட்டித் திருப்புளிகள் ஆறும் சிறிதிலிருந்து பெரிதாக, பிடியெல்லாம் இடப்பக்கம் பார்க்க, நூல் பிடித்தாற்போல் கிடந்தன. தேய்ப்புக்கல்லின் ஈர வாசனைக்கும் சூடாக்கிய பிரேமின் வாசனைக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. சவரம் செய்த கன்னத்தில் தடவும் லோஷனின் வாசனை. பத்தொன்பது நாளாக அவள் மூக்குக்கு எட்டாதிருந்த வாசனை.

புருஷன் வீட்டில் கரண்டிகள் அப்படித்தான் அடுக்கியிருக்கும். ஒன்று மாறிக் கிடந்தாலும் அன்றைக்கு அவள் பாடு அதோகதிதான். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு, அக்கா என்று அவள் கூப்பிடும், இதே கடைக் கவுன்டரில் நிற்பவளின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு இவள் இடக்கண் லென்ஸை வலக்கண்ணில் பொருத்தியதையும், கழிவறைக்குள் அரைமணி நேரம் அழுததையும் மூடி மறைத்தவள் அந்த அக்காதான். அப்படியும் மேனேஜருக்கு எட்டிவிட்டது. வீட்டுச் சண்டையைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்று தன்மையாகத்தான் சொன்னார். இன்று குழந்தைக்குக் காய்ச்சல்; இவள் கடைக்கு வரவே ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அக்கா லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு வீட்டில் இருந்தாள்.

லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் உறுமியது. லென்ஸை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் தூக்கிப் போட்டது.

கதவு திறந்தது.

மேனேஜர். முகமெல்லாம் சிரிப்பு.

“காலைல கடை திறக்கும்போதே உன் வீட்டுக்காரர் வந்துட்டார்மா. தங்கமான மனுஷன். நீ எங்க உக்காந்து வேலை செய்யறேன்னு பாக்கணும்னார்.”

அரைமணி நேரம் இருந்தாராம். அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் மேசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தாராம்.

“வேற ஏதாவது கேட்டாரா சார்?”

“அவ கோவத்துல போயிட்டா, நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்னார். ரெஜிஸ்டர்ல நீ மாத்தி எழுதின அட்ரஸைக் குடுத்தேன். சேந்து இருங்கம்மா. வேலையும் ஒழுங்கா நடக்கும்.”

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி. விரல் வழுக்கியது. மறுபடி.

எடுத்தார்கள்.

“அக்கா?”

மூச்சு. சின்ன மூச்சு.

“அம்மா,” என்றாள் மகள், காய்ச்சல் குரலில், ரகசியமாக. “அப்பா வந்திருக்காங்க. பெரியம்மா தரையில படுத்திருக்காங்க. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கறாங்க.”

“அப்பா எங்கடா கண்ணு?”

“வாசக்கதவைச் சாத்தறாங்க.”

தாழ்ப்பாள் மெதுவாக உரசிக்கொண்டு விழுந்தது. பிறகு காலடிகள். அவசரமே இல்லாத காலடிகள்.