வெள்ளி அச்சும் நாலு சாக்லேட்டும்

"போலீசைக் கூப்பிடுங்க."

அக்கா பதறிப்போய்த் தங்கையின் கையைக் கிள்ளினாள். வேலை செய்கிற இடத்தில் அந்த வார்த்தையை மட்டும் எடுக்கவே கூடாது என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்திருந்தார்கள்.

"வாயை மூடுடி, டிகிரி!"

வீட்டில் முதல் பட்டம் வாங்கியவளுக்கு அதுதான் பெயர். அதைக் கொண்டாடத்தான் அக்கா, தான் அச்சு கழுவும் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்ட அழைத்து வந்திருந்தாள். வருகிறவர்களே கோகோ கொட்டையை அரைக்கலாம், குழம்பை அச்சில் ஊற்றலாம், ஆறியதும் தட்டித் தின்னலாம். திங்கட்கிழமை முதல் அச்சு கழுவுவதை விட்டு, அதைக் கற்றுக்கொடுக்கும் மேஜை வேலை அக்காவுக்கு.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைத்திருந்த வெள்ளி அச்சைக் காணோம். காகிதத் தொப்பி போட்ட பார்வையாளர் கூட்டத்தின் முன்னால் சூப்பர்வைசர் அக்காவைக் கைகாட்டினார். இப்போது அவள் லாக்கரிலிருந்து துணிப்பை ஒன்று வெளியே வந்திருந்தது. உள்ளே வெள்ளி அச்சு, கூடவே பளபளவென்று நாலு சாக்லேட்.

"காலையிலேயே அடிச்சிருக்கா சார்," என்றார் சூப்பர்வைசர், மானேஜரிடம். "வாய்க்கும் சேர்த்துச் சுருட்டியிருக்கா பாருங்க."

திருடி என்ற பெயர் ஒட்டினால் மேஜை மட்டுமில்லை, இனி எந்த வேலையும் கிடைக்காது.

"அக்கா, என் பையை எடு."

காலை பத்து மணிக்கு அதே லாக்கரில் வைத்த பை. திறந்த அக்காவின் விரலெல்லாம் பழுப்பு. "ஐயோ, டிக்கெட்டோட குடுத்த சாக்லேட்டைத் தின்னுருக்கக் கூடாதா? பர்ஸெல்லாம் பிசுபிசுங்குது."

டிகிரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "இதுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு அவ இடுப்புல, ஒண்ணு எங்கிட்ட."

"பத்து மணிக்கு அப்புறம் அக்கா இங்க வந்தாளா?"

"எங்க வர்றது? உன் பின்னாலயேதானம்மா சுத்தினா."

"சார், லாக்கருக்குப் பின்னால இருக்கற இந்தச் சுவரைத் தொடுங்க."

தொட்ட மானேஜர் கையை வெடுக்கென்று இழுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்லேட் உருக்கும் கொப்பரை.

"காலையில வச்ச என் சாக்லேட் கூழாயிடுச்சு. இந்த நாலும் முனைகூட மழுங்கல. வச்சுக் கொஞ்ச நேரந்தான் ஆகுது. அப்போ அக்கா கூட்டத்தோட நிக்கிறா. மிச்சம் ஒரே ஒரு சாவி." அவள் சூப்பர்வைசரை நேராகப் பார்த்தாள். "அச்சை மட்டும் வச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க, வெள்ளி உருகாது. எங்க அக்காவைத் தீனிப்பண்டாரமாவும் காட்டணும்னு ஆசைப்பட்டீங்க. முன்பக்க ஏசியிலேயே உக்காந்திருந்தா இந்தச் சுவரோட சூடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த மேஜையை என் மச்சினனுக்குக் கேட்டிருந்தேன் சார்..." என்றார் சூப்பர்வைசர்.

மானேஜர் டிகிரியிடம் பெரிய சாக்லேட் பரிசுப் பெட்டி ஒன்றை நீட்டினார். "திங்கட்கிழமை மேஜை உங்க அக்காவுக்குத்தான். இவரை நான் பாத்துக்கறேன். விஷயம் வெளிய போக வேணாமே, நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"எந்தக் குடும்பத்துல சார் லாக்கரைச் சோதனை போடுவாங்க?"

பெட்டியை அவர் கையிலேயே விட்டுவிட்டு, தொப்பிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிகிரி வெளியே நடந்தாள். வாசல் காவலாளியிடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டாள்.

"மெதுவாப் போடி," பின்னாலிருந்து அக்காவின் குரல். "புகார்ல என் கையெழுத்துதான வேணும்?"

டிகிரி நடையைக் குறைக்கவில்லை. அக்காதான் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.