பவளத்தீவானுக்கு ஒரு வாசகர் கடிதம்

தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயில் பிடித்து, ஹமீது சுல்தான் மண்டபத்தில் வந்து இறங்கியபோது ஊர் மத்தியானச் சோறு உண்ணும் நேரம். கையில் கயிறு கட்டிய தகரப்பெட்டி, கக்கத்தில் குடை. கொழும்புக்குப் பிழைக்கப் போன சபுராளி ஊர் திரும்பினால் பெட்டியைத் தூக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. எதிர்ப்பட்டவர்கள் ஸலாம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மனைவி மௌத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்த பிறகு வருகிற மனிதனிடம் வேறென்னதான் பேசுவது?

தந்தி கிடைத்த அன்றே கிளம்பத்தான் பார்த்தான். பெர்மிட் கைக்கு வர ஐம்பது நாளாயிற்று. அந்த ஐம்பது நாளுக்குப் பெர்மிட்டைத் திட்டலாம். அதற்கு முந்தைய ஐந்து வருஷத்துக்கு யாரைத் திட்டுவது? 'வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன்' என்று ஐந்து பெருநாளுக்கும் எழுதியவன் அவன்தான்.

தெரு திரும்பியதும் வீடு தெரிந்தது. மாடி அறைச் சன்னல் சாத்தியிருந்தது. வெளிப்பக்கம் ஏழு கம்பிகள். நடுக்கம்பி மட்டும் ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

'அட, சுக்கானி மீரான் கதையில் வருகிற சன்னல் மாதிரியே இருக்கிறதே' என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. பெண்டாட்டியை இழந்தவனுக்கு வீட்டு வாசலில் தோன்ற வேண்டிய நினைப்பா அது! ஆனால் ஹமீது சுல்தானைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

'சித்திரத்தேர்' என்றொரு வாரப் பத்திரிகை மதராஸிலிருந்து கொழும்புக்கு வரும். அதில் பவளத்தீவான் என்பவர் எழுதும் படக்கதைதான் 'சுக்கானி மீரான்'. மீரான் பாய்மரக் கப்பலின் சுக்கான் பிடிப்பவன். துறைமுகம் துறைமுகமாகப் போவான், சூறாவளியில் மாட்டுவான், முத்துத் திருடர்களைப் பந்தாடுவான். புதன்கிழமை பத்திரிகைக் கட்டு புறக்கோட்டைக் கடைவீதிக்கு வந்ததும் ஹமீது ஜவுளிக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். ஒரு இதழ் விடாமல் சேர்த்து, துணிபோட்டுத் தைத்து, தலைமாட்டில் வைத்திருந்தான். பவளத்தீவானை யாராவது குறை சொன்னால் அன்று முழுக்க அந்த ஆளோடு பேச்சு இல்லை.

அவனுக்கே ஒரு குறை இருந்தது. வாராவாரம் கடைசிக் கட்டத்தில் மீரான் வரமாட்டான். ஒரு வீடு, ஒரு சன்னல், உள்ளே முக்காடிட்ட ஒரு பெண். அவள் வாயிலிருந்து கிளம்பும் வட்டத்துக்குள் எப்போதும் ஒரே கேள்வி: 'பாய்மரம் தெரியுதா?' யாரைக் கேட்கிறாள் என்று கதையில் சொல்வதே இல்லை.

அந்தச் சன்னலில் நடுக்கம்பி வளைந்திருக்கும். நாலு வருஷமாக வாராவாரம் பார்த்த சன்னல் அது.

ஹமீதின் கை பெட்டியைக் கீழே வைத்தது. அந்தக் கம்பியை வளைத்தது அவனேதான். கல்யாணமான புதிதில், கப்பலுக்குக் கையசைக்க முடியாமல் கம்பி இடிக்கிறது என்று நஸீரா சொன்னாள். அவள் கை போகிற அளவுக்கு இரும்புப்பாரை வைத்து வளைத்துக் கொடுத்தான்.

கதவைத் திறந்தது நஸீராவின் அக்கா உம்மு ஹபீபா. அழுது அழுது முகம் வற்றிப்போயிருந்தது.

"வந்துட்டீங்களா தம்பி," என்றாள். பெட்டியை எடுத்து உள்ளே வைத்தாள்.

கஞ்சி குடித்தான். மையவாடிக்குப் போய் அவளை அடக்கிய மண்ணைப் பார்த்தான். அஸர் தொழுதுவிட்டு வந்து மாடிக்கு ஏறினான். அறை கும்மிருட்டாக இருந்தது. சன்னலைத் திறக்கக் கை வைத்தவனை உம்மு ஹபீபா தடுத்தாள்.

"அது நிக்காது தம்பி."

"எது?"

"சன்னலு. காத்தாடத் தொறந்து வப்பேன். பொழுதடஞ்சு மக்ரிபு ஆனதும் தானாச் சாத்திக்கிரும். தாப்பாளும் விழுந்துரும். கீழ இருந்து கேப்பேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் பயப்புடல. ஏந் தங்கச்சிதான?"

ஹமீது சன்னலைத் திறந்தான். கடல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. மூலையில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் சீவிச் சீவிக் குட்டையாகிப்போன ஒரு பென்சில்.

அறையில் பென்சில் சீவிய வாசனை அடித்தது. இரண்டு மாதமாக ஆள் புழங்காத அறையில்.

பெட்டியைத் திறந்தான். உள்ளே கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் கோடு போட்டு ஆறு கட்டங்கள். கட்டத்துக்குள் குச்சி குச்சியாக மனிதர்கள், ஒரு கப்பல், வட்டங்களுக்குள் பேச்சு. முதல் தாளின் தலைப்பைப் படித்ததும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

'சுக்கானி மீரான். எழுதுவது: பவளத்தீவான்.'

கையெழுத்து நஸீராவுடையது.

"மச்சி, இது என்னது?" என்று உம்மு ஹபீபாவைக் கேட்டான்.

"அதத்தான் ராப்பகலா எழுதுவா. வாப்பா சின்னதுல அவளுக்கு மட்டும் தமிழு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க, அது இதுல வந்து நின்னுச்சு. நாந்தான் துப்பட்டிக்குள்ள மறச்சுக் கொண்டுபோயித் தபால்ல போடுவேன். மதராஸுல யாரோ அதைப் பாத்து நல்லா வரைவாங்களாம். பொம்பளப் பேரு போடக்கூடாதுன்னு இவளே ஒரு பேரு வச்சுக்கிட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தா தம்பி. ஒருக்க நீங்க கடுதாசியில போட்டிருந்தீங்களாம், கொழும்புல ஒரு படக்கதை வருது, வெகு ஜோரா இருக்குன்னு. அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! பெறகு ஒங்களுக்குன்னேதான் எழுதுனா."

ஐந்து வருஷமாக மனைவியிடமிருந்து கடிதம் குறைந்துகொண்டே வந்தது ஏனென்று ஹமீதுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் வாராவாரம் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். வாராவாரம் அவனிடம்தான் கேட்டாள். அவன் அதைப் படித்துவிட்டு, கொட்டாவி விட்டு, விளக்கை அணைத்திருக்கிறான்.

பெட்டியின் அடியில் வாசகர் கடிதங்கள் இருந்தன, பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவைத்தவை. எல்லா உறைகளும் பக்கவாட்டில் கத்தரியால் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தன. யாரோ ஒரு வாசகர் மீரானுக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். கடிதத்தின் அடியில் நஸீரா பென்சிலால் 'சரி' என்று எழுதியிருந்தாள். கதையில் நாய் வந்தது ஹமீதுக்கு நினைவிருந்தது. இன்னொருவர் திமிங்கலம் கேட்டிருந்தார். 'சரி.' அதுவும் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் இல்லை என்று சொன்னதே இல்லை.

கடைசி உறையில் கொழும்புத் தபால்தலை. உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். எழுதியவன் அவன்தானே.

'மகா கனம் பொருந்திய பவளத்தீவான் அவர்களுக்கு. தங்கள் கதை வெகு ஜோர். ஒன்றே ஒன்று. கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண் எதற்கு? ஒரே கேள்வியைக் கேட்டு உயிரை வாங்குகிறாள். அவளை ஒழித்து, சன்னலைச் சாத்திவிட்டால் மீரானுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. தங்கள் அபிமான வாசகன், ஹமீது சுல்தான், புறக்கோட்டை.'

மனைவிக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதாதவன், முன்பின் தெரியாத எழுத்தாளருக்கு, நடுவே பக்கம் பக்கமாகப் புகழ்ந்து, நான்கு பக்கம் எழுதியிருந்தான். நான்காம் பக்கத்தின் அடியில், பென்சிலால், அதே எழுத்தில்:

'சரி.'

"அந்தக் கடுதாசி வந்த அன்னைக்குத்தான் சன்னலச் சாத்துனா," என்றாள் உம்மு ஹபீபா. "இருமல் ஒரு வருசமாவே இருந்துச்சு. ஆனா மருந்து குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அன்னைலருந்து மருந்துக் குப்பியத் தொடல. கடுதாசி யாரு எழுதுனதுன்னு கேட்டேன். யாரோ படிக்கிறவரு, தப்பா ஒண்ணும் எழுதலன்னுட்டா. எனக்குப் படிக்கத் தெரியுமா என்ன?"

ஹமீது கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். செத்துப்போகிறபோதும் அவனைக் காட்டிக் கொடுக்காமல் போயிருக்கிறாள். அவன் மட்டும் எப்படிச் சொல்வான்?

"இன்னைக்கு வியாழக்கெழமை," என்று அவள் எழுந்தாள். "மக்ரிபோட வெள்ளி ராவு பொறந்துரும். மௌத்தானவங்க ரூஹு வீட்டுக்கு வரும். ஒரு யாசீன் ஓதுங்க தம்பி."

அவள் கீழே போனாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு இலை அசையவில்லை.

அறைக்குள் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். இரண்டே முறை.

சன்னல் கதவு நகர்ந்தது. காற்றில் அடித்துக்கொள்கிற கதவு இப்படி நகராது. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் சாத்துகிறவர்கள் சாத்துவது போல, மெல்ல, ஒரு பலகை. பிறகு மறு பலகை.

தாழ்ப்பாள் தானாக உயர்ந்தது. தானாக விழுந்தது.

"நஸீரா!" என்றான். "தொறந்துக்க புள்ள. நான் தெரியாம எழுதிட்டேன்."

பாய்ந்து திறந்தான். கண் முன்னாலேயே மறுபடி சாத்திக்கொண்டது. ஏழு முறை திறந்தான். ஏழு முறையும் அவள் கோபமே இல்லாமல் சாத்தினாள். வாசகருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஹமீது என்னென்னவோ செய்து பார்த்தான். ஓதினான், கெஞ்சினான், கதவில் கயிறு கட்டினான். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும். பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். 'பவளத்தீவான் அவர்களுக்கு. தெரியாமல் கேட்டுவிட்டேன். அந்தச் சன்னலைத் திறந்துவிடுங்கள். அந்தப் பெண் மறுபடி அங்கே வந்து நிற்கட்டும். இது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.'

பவளத்தீவான் இறந்துபோன செய்தி மதராஸில் யாருக்கும் தெரியாது. வழக்கம்போல் எழுத்தாளர் வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். அதற்காக அவன் தினமும் வாசலில் நின்றான்.

"கொழும்புக் கடுதாசியா பாய் எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டார் தபால்காரர் குருநாதன்.

"இல்ல. மதராஸு."

"அந்தம்மாவும் மேல இருந்து இப்படித்தான் பாப்பாங்க. கொழும்புலருந்து ஒண்ணுமில்லம்மான்னு சொல்ல எனக்கே சங்கட்டமா இருக்கும்."

பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, கடிதம் வந்தது. பிரிக்காமல் மரப்பெட்டியின் மேல், பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மக்ரிபு தொழப் போனான். திரும்பி வந்து படியேறும்போதே அந்த வாசனை வந்துவிட்டது.

உறை பக்கவாட்டில் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தது. கடிதத்தின் அடியில் 'சரி'. சன்னல் விரியத் திறந்து கிடந்தது.

ஹமீது விம்மிக்கொண்டே சிரித்தான்.

அப்போதுதான் குரல் கேட்டது. ஐந்து வருஷமாக அவன் கேட்காத குரல். சன்னலோரத்திலிருந்து, கடலைப் பார்த்தபடி.

"பாய்மரம் தெரியுதா?"

"நான் வந்துட்டேன் புள்ள! இங்கன ஒம் பின்னாலதான் நிக்கிறேன்!"

ஒரு இருமல்.

"பாய்மரம் தெரியுதா?"

எத்தனை முறை சொன்னாலும் அது அவள் காதில் விழவில்லை. அவள் நிற்க வேண்டும் என்று கேட்டான், வந்து நின்றாள். மீரான் வீடு திரும்ப வேண்டும் என்று அந்த மடையன் எழுதவே இல்லை.

அன்றே மூன்றாவது கடிதம் எழுதினான். 'மீரான் கரைக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.' அதுவும் திரும்பி வந்தது. அதே பெட்டியின் மேல் வைத்தான். ஒரு வியாழன் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போயிற்று. வாராவாரம் சன்னல் திறந்தது, கேள்வி வந்தது. அந்த உறையை மட்டும் கத்தரி தொடவில்லை. தொடாது என்று அவனுக்கு மெல்லப் புரிந்தது. வீடு திரும்புவது அவள் எழுத வேண்டிய காரியமாக இருந்ததே இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது அவன் செய்திருக்க வேண்டியது அது.

அவன் கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை.

ஒரு வெள்ளி இரவு. பின்னாலேயே நின்று நின்று அவனுக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது. வந்துட்டேன் என்று சொல்லிச் சொல்லி வாயும் ஓய்ந்துபோயிருந்தது.

"பாய்மரம் தெரியுதா?"

அவன் அவள் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்தான். இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"தெரியல புள்ள," என்று முதன்முறையாக அவள் கேட்டதற்குப் பதில் சொன்னான்.

இருமல் நின்றது.

"சரி," என்றாள் நஸீரா.

நீட்டியிருந்த கையை அவள் உள்ளே இழுத்துக்கொண்டபோது, வளைந்த கம்பியில் வளையல் உரசும் சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது.