கொலாரெக் வீட்டில் கறுப்பு ஆகாது

பிரான்சின் ப்ரித்தானியில் ஆற்றோரம் இருந்த அந்தப் பழைய மாவு ஆலை வீட்டின் கதவைத் திறந்த ஓவிய ஆசிரியர் கொலாரெக், எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. என் வண்ணப் பெட்டியைப் பிடுங்கிக் கிளறி, கறுப்பு ட்யூபைக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"இந்த வீட்ல கறுப்பு ஆகாது. நிழலா, ஊதா வை. கோடா, நீலம் வை. புரிஞ்சுதா?"

"ஏன் மிஸ்யே?"

"சொன்னதைச் செய்யும்மா."

என்னைக் காரில் கொண்டுவந்து விட்ட என் கணவர் ரோனான் சிரித்தார். "கெழவி, வந்ததுமே வாங்கிக் கட்டிக்கிட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் கெழவிதான். நொல்வென் என்ற என் பேர் அவர் வாயில் வந்ததே இல்லை. சைடர் என்ற ஆப்பிள் மது பாட்டிலோடு தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் போய்ச் சாய்ந்துவிட்டார்.

நான் சன்னலோரம் உட்கார்ந்து அதே தோட்டத்தை வரைய ஆரம்பித்தேன். கண்ணில் படுகிற நிறம் வேண்டாம், மனசில் படுகிற நிறத்தை வை என்றார் கொலாரெக். தரைக்கு ஆரஞ்சு, வானத்துக்குப் பச்சை என்று எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் தடிதடியாக அப்பினேன். எல்லாம் வந்தது. மரத்தடி நிழல் மட்டும் ஊதாவில் ஒட்டாமல் மிதந்தது.

"நிழலா இது? ஜாம் கொட்டின மேஜைத்துணி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் காபி போடப் போன நேரத்தில், கூடையிலிருந்து கறுப்பை எடுத்து மரத்தடியில் அப்பினேன்.

ஆகா! மரம் இப்போதுதான் தரையில் நின்றது.

தோட்டத்தில் வண்டுகளின் சத்தம் அடங்கியது.

பாழுங்கிணற்று வாடை சன்னல் வழியே வந்தது. உச்சி வெயிலில், மரத்தடி நிழல் கன்னங்கரேலென்று கிடந்தது. ரோனானின் காலணிகள் தெரியவில்லை. பிறகு முழங்காலும்.

குறட்டை மட்டும் கேட்டது.

"ரோனான்! எந்திரிங்க!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. கத்தியை எடுத்துப் படத்தின் கறுப்பைச் சுரண்டப் போனேன். கொலாரெக் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சுரண்டாத," என்று கிசுகிசுத்தார். "என் பொண்டாட்டியை அப்படித்தான் சுரண்டி எடுத்தேன். துண்டு துண்டாத்தான் வந்தா."

"பாவி மனுஷா! இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா எவ வருவா படிக்க?"

திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் பாட்டில் மட்டும் கிடந்தது.

படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரோனான் அதற்குள்தானே இருக்கிறார்? சமையலறையில் மாட்டியிருக்கிறேன். மற்ற வண்ணமெல்லாம் காய்ந்துவிட்டது. கறுப்பு மட்டும் இன்னும் ஈரம். காதை வைத்தால் குறட்டை கேட்கும். உயிரோடுதான் இருக்கிறார் என்று அதை நம்பித்தான் நாலு வாய் சாப்பிடுகிறேன்.

இன்று குறட்டை கேட்கவில்லை.

"நொல்வென்," என்றது ரோனானின் குரல். "இங்க இடம் பத்தல. இன்னும் கொஞ்சம் கறுப்பு வை."

காதைப் படத்திலிருந்து எடுத்தேன்.

"கெழவின்னு கூப்பிடுங்க," என்றேன்.



கறுப்பு, சட்டத்தைத் தாண்டிச் சுவரில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.