இரைச்சல் இல்லாத படம்

கழற்றிப் போட்ட ஆன்டெனாக் குழாய் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. அது திரும்புகிற கரகரப்பு மட்டும் மொட்டைமாடியிலிருந்து கேட்டது. சோறு வடித்துக்கொண்டிருந்த மணியம்மாள், சுடுகஞ்சி விரலில் வழிவதுகூடத் தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

காலையில் கணவன் அன்புசெல்வன்தான் அதைக் கழற்றினான். டிவி ஒயரையும் பிடுங்கிப் போட்டு, ஸ்டாண்டைத் துடைத்து, புது டப்பா வைக்க இடம் ஒழித்துவிட்டு, சிப்காட்டுக்கு ஷிப்டுக்குக் கிளம்பினான்.

"மூணு மணிக்கு டிஷ் மாட்ட ஆள் வருவான். பழச இன்னாத்துக்கு வச்சிக்கினு? காயலாங்கடையில போட்டுடலாம்."

ஒரு வாரமாக அவள் டிஷ் வேண்டாம் என்று மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டாள். காரணத்தை வெளியே சொல்ல முடிந்தால்தானே?

காரணம் இரைச்சல். பழைய டிவியில் எப்போதும் புள்ளி புள்ளியாய்க் கொசு பறக்கும், 'உஸ்ஸ்' என்று இரையும். இரண்டு வருடமாக அந்த இரைச்சலைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் அவள் பகலில் வீட்டில் இருந்தாள். அது இருக்கும்வரை மாடியிலிருந்து எதுவும் கேட்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்தன் துளசிராமன் மாடியில் நின்று குழாயைத் திருப்பிக்கொண்டு, "வந்துச்சா அண்ணி?" என்று கத்தினான். கீழே படம் பளிச்சென்று வந்துவிட்டிருந்தது. பையன் வெயிலில் கொஞ்சம் வேகட்டுமே என்று அவளுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. "இல்ல, இன்னும் கொஞ்சம்!" என்றாள், வாயைப் பொத்திச் சிரித்தபடி. மூன்றாவது தடவை சொன்னபோது டிவி மங்கியது. மாடியை ஒட்டிப் போகிற மின்கம்பியில் குழாய் பட்டுவிட்டது. கருகின வாடை எத்தனையோ நாள் சுவரைவிட்டுப் போகவில்லை. படம் முன்பே வந்துவிட்டது என்பதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பாவி.

டிஷ் மாட்டுகிற சாலமோன் சொன்ன நேரத்துக்கு வந்தான். துளசிராமன் செத்ததிலிருந்து, காலையில் ஆன்டெனா கழற்றத் திறந்ததைத் தவிர, பூட்டியே கிடந்த படிக்கட்டுக் கதவை அவள்தான் திறந்துவிட்டாள். அவன் பின்னால் ஓடப் பார்த்த ஆறு வயது மகள் பூமிகாவை இழுத்துப் பாயில் உட்கார வைத்தாள்.

"அக்கா, டிவில சிக்னல் கோடு ஏறிச்சின்னா குரல் குடு. இனிமே இரைச்சலே இருக்காது, பாரு."

மாடிக்குக் குரல் கொடுக்க வேண்டும். கோடு ஏறியதும், "போதும்! போதும்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டாள். சோதனைப் படம் வந்தது. கழுவி வைத்த பாத்திரம்போல் சுத்தமான படம். சத்தம் துளியும் இல்லை.

சாலமோன் இறங்கி வந்தான். "ஆபீசுக்கு போன் போட்டாதான்கா சவுண்டு வரும். இங்க டவர் இல்ல. தெருமுனைல பேசிக்கினு வந்துடறேன்."

வீடு அமைதியானது. எங்கோ உருக்காலை முனகியது. காற்றில் துரு வாடை.

பிறகு மாடியில் கரகரப்பு.

"வந்துச்சா அண்ணி?"

அவள் பதில் சொல்லவே மாட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

கரகரப்பு.

"வந்துச்சாம்மா?"

அம்மாவா?

திரும்பினாள். பாய் காலி.

கொல்லைக்கு ஓடினாள். துவைக்கிற கல் இருந்தது. குழாய் இல்லை. படிக்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. மாடி விளிம்பில், வெயிலில், பூமிகா. தன்னைவிட மூன்று மடங்கு உயரமான குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் கைகளுக்கு மேலே இன்னும் இரண்டு கைகள் குழாயைப் பிடித்திருந்தன. கருகிய கைகள். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்.

போதும் என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வீட்டுக்குள் டிவிக்குச் சத்தம் வந்துவிட்டது. இரைச்சலே இல்லாத சத்தம். வாயைப் பொத்திச் சிரிக்கிற அவளுடைய குரல்.

"இல்ல, இன்னும் கொஞ்சம்!"

"சரிம்மா" என்றாள் பூமிகா.