எங்க கல்லைக் குடுங்க!

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு கல் மண்டபம். கல்யாணமா, அங்கேதான். மண்சரிவுக்குப் பயந்து லயத்து வரிசை வீடுகளை விட்டு ஓட வேண்டுமா, அங்கேதான். பிள்ளைகளின் மாலை வகுப்பும் அங்கேதான்.

அதைக் கட்டியபோது தோட்ட நிர்வாகம் தகரமும் சீமெந்தும் தந்தது. ஓடையிலிருந்து கல் சுமந்ததெல்லாம் லயத்துச் சனம். எது யார் வீட்டுக் கல் என்று இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். விருந்தில் சோறு பிந்தினாலும் பொறுப்பார்கள். தங்கள் கல்லில் வேறொருவர் சாய்ந்தால் மட்டும் பொறுக்கவே மாட்டார்கள்!

அந்த மண்டபத்துக்குத்தான் கண்டாக்கு ஜெயகாந்தன் பூட்டுப் போட்டார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குக் கீழே வேலைகளை மேற்பார்வை செய்பவர் அவர்.

"இனிமே இது உர ஸ்டோரு. தொரை சொல்லிட்டாரு."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறாம் வகுப்பு கேஷிகாவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதெப்படிப் பூட்டலாம்?

மறுநாள் உர மூட்டைகளோடு லொறி வந்தது. வாசலில் கேஷிகா கல் பெயர்க்கும் அலவாங்கோடு நின்றாள். அவளைவிட அலவாங்குதான் உயரம்.

"புள்ள, தள்ளு! மண்டபம் தோட்டத்துக்குச் சொந்தம்" என்றார் கண்டாக்கு.

"சரிங்கய்யா, வச்சுக்கங்க. எங்க கல்ல மட்டும் எடுத்துட்டுப் போயிர்றேன்."

"எது ஒங்க கல்லு?"

"இந்தா, இதுங்க." கதவு மூலையில் அடியிலிருந்த பெரிய கல்லைக் காட்டினாள்.

"அடியே! அத உருவுனா செவுரே விழுந்துருமே!"

"விழட்டுங்க. கல்லு எங்களுதுதானே?"

டங்! சீமெந்து கொஞ்சம் பெயர்ந்து விழுந்தது. கண்டாக்கு பதறிப்போனார்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள்.

"அப்ப எங்க கல்லையும் குடுங்க!" என்று காளியாயி அத்தை சன்னலடிக் கல்லில் கை வைத்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு சுவரிலும் கைகள்!

கண்டாக்கு கைபேசியில் துரையிடம் என்னென்னவோ சொன்னார். பிறகு குரல் இறங்கிக் கேட்டார்:

"கல்லெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்னு தொரை கேக்குறாரு."

"தகரம் இருக்கும்ங்க. நீங்க போட்ட பூட்டும் இருக்கும்!" என்றாள் கேஷிகா.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். லொறியைத் திருப்பச் சொல்லித் துரையிடமிருந்து உத்தரவு வந்தது.

கண்டாக்கு மெல்ல நழுவப் பார்த்தார். கேஷிகா விடுவாளா? கையை நீட்டினாள்.

"சாவிங்க?"

கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்று மாலை வகுப்பில் பிள்ளைகள் சொன்ன வாய்ப்பாடு துரை பங்களா வரைக்கும் கேட்டது.